ஆணி அடிக்காத தண்டவாளம்

நாமக்கல்லில் அக்கா வீட்டை மாமாவின் அண்ணன் மகன்கள் விற்றுவிட்டார்கள். மாமா போய்ச் சேர்ந்த பிறகு பூட்டிக் கிடந்த வீடு, யாராவது குடியிருந்தால் நல்லதுதான். எல்லாச் சாமானையும் அவர்களே ஏறக்கட்டிவிட்டு, மாடியறையை மட்டும் நான் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். அதைத் தொட அவர்களுக்கு மனமில்லை என்பது எனக்குப் புரிந்தது. திருச்செங்கோட்டிலிருந்து பஸ் ஏறிப் போனேன். அறையில் பாதியை அடைத்துக்கொண்டு அந்த ஒட்டுப்பலகை மேஜை அப்படியே நின்றது. அதன் ஒரு மூலையில், வளைந்து போகும் ஒரு வெள்ளைப் பட்டை ஒட்டியிருந்தது. இரண்டு விரல் அகலம், அரை விரல் கனம். வெள்ளை என்பது பழைய பேச்சு, இப்போது பழுப்பேறிவிட்டது. அதன்மேல் சின்னச் சின்னக் குறுக்குத் தழும்புகள் வரிசையாக ஓடின. மேஜையைப் பிரிக்க வந்த ஆசாரி நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு இது என்னவென்று கேட்டார். பேக்கிங் ஸ்பாஞ்ச் என்றேன். பொய்யில்லை. அது எங்கள் கடைப் பெட்டியில் வந்த பேக்கிங் ஸ்பாஞ்ச்தான்.

மாமா லாரிக்காரர். நிலம் இருந்தது, கிணறு இருந்தது, ஆனால் கிணற்றில் தண்ணீர் இல்லை. அதனால் எழுபதுகளில் எங்கள் பக்கத்துப் பாதிக் குடும்பங்கள் செய்ததையே அவரும் செய்தார். காட்டு நிலத்தில் கொஞ்சத்தை விற்று ஒரு வண்டி வாங்கினார், அது இரண்டாகி, மூன்றானது. சேலத்து ஆலைகளில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குப் போய், அங்கே கிடைத்த சரக்கோடு திரும்பி வரும் வண்டிகள். அக்கா அவரைக் கட்டிக்கொண்டு போனபோது நான் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. பிறகு நான் திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்கும் கடையில் சேர்ந்தேன். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டிகள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலம், கடையில் நிற்க நேரமிருக்காது. இருந்தாலும் வாரம் ஒருமுறை அக்கா வீட்டில் எனக்குச் சோறு உண்டு. அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, எப்போதும் சாமிதான்.

அவர்களுக்கு ஒரே பையன். நாமக்கல்லுக்கு அப்போது ரயில் கிடையாது. இல்லாத பொருளின் மேல்தான் பிள்ளைகளுக்குப் பைத்தியம் பிடிக்கிறது. ஒரு கல்யாணத்துக்காகச் சேலம் ஜங்ஷன் வழியாகப் போனபோது ரயிலைப் பார்த்தவன், அதன் பிறகு வேறு பேச்சே பேசவில்லை. வாசலில் மூன்று லாரி நிற்கிற வீட்டில் பையன் ரயில் ரயில் என்று உயிரை விடுகிறான் என்று நாங்கள் எல்லோரும் அவனைக் கிண்டல் செய்வோம். மாமாவுக்கு அதில் உள்ளூரக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. ஆனாலும் அவர்தான் பம்பாய் போன டிரைவரிடம் சொல்லி, கப்பலில் வந்த சாமான் விற்கும் கடைவீதியில் அந்தப் பொம்மை ரயிலை வாங்கிவரச் செய்தார். பொம்மை என்று சொன்னால் பையன் கோபித்துக்கொள்வான். பச்சை எஞ்சின், நான்கு பெட்டி, பிளாஸ்டிக் கட்டைகளில் பதித்த நிஜமான இரும்புத் தண்டவாளம், கரண்டைக் குறைத்துக் கொடுக்க ஒரு சின்னப் பெட்டி. எஞ்சினுக்குக் கரண்ட் தண்டவாளத்திலிருந்தே ஏறும். மாடியில் மேஜை போட்டு, பலகையின்மேல் பென்சிலால் முட்டை வடிவத்தில் கோடு போட்டு, வளைவு எங்கே ஸ்டேஷன் எங்கே என்று எழுதிவைத்து, அந்தக் கோட்டின் மேலேயே தண்டவாளத்தை ஆணியடித்துப் பதித்தான். விசையைத் திருப்பிவிட்டால் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அடியில் காலியாக இருக்கும் ஒட்டுப்பலகை அல்லவா, ரயில் ஓடுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் வரும். சாயங்காலம் பாலிடெக்னிக்கிலிருந்து வந்ததும் மேலே ஏறுவான், சத்தம் தொடங்கும். சத்தம் நின்றால் சோற்றுக்கு இறங்கி வருகிறான் என்று அர்த்தம்.

அரையாண்டு விடுமுறையில் பம்பாய் ரயில் நிலையத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். ரயிலிலேயே போகலாம், ஆனால் நம் வண்டியே போகும்போது டிக்கெட் எதற்கு என்று மாமா நினைத்தார். நம் வண்டி, நம் டிரைவர், பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருவார் என்றார். அக்கா வேண்டாம் என்றாள். ஒரே ஒரு முறை, வாசற்படியில் நின்று சொன்னாள். போகிற வழியில் மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. டிரைவர் மட்டும் ஒரு காலோடு தப்பினார். மாமாவும் நானும் அங்கே போனபோது மூட்டைகள் கிழிந்து, பள்ளம் முழுக்க ஜவ்வரிசி வெள்ளையாகச் சிதறிக் கிடந்தது. அதற்கப்புறம் அக்கா வீட்டில் ஜவ்வரிசி வாங்கியதில்லை. அந்த ஊரில் அதை வாங்காமல் ஒரு வீட்டில் விசேஷம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் அப்புறம் விசேஷம் என்று ஒன்றும் நடக்கவும் இல்லை.

காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் பையனின் துணிமணியைக் கொடுத்தனுப்பினார்கள், புத்தகங்களைக் கொடுத்தனுப்பினார்கள். செத்தவர்களின் பொருள் வீட்டில் இருக்கக் கூடாது என்பது வழக்கம். ரயிலையும் கேட்டார்கள். மாமா மாடிக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். பெரியவர்கள் இரண்டு முறை கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். மறுநாள் சாயங்காலம் பையன் வரும் நேரத்துக்கு மாமா மேலே போய் விசையைத் திருப்பினார். அன்றிலிருந்து தினமும் அதே நேரத்துக்கு ரயில் ஓடியது. கரண்ட் இல்லாத நாட்களில் வரும்வரைக்கும் இருட்டில் உட்கார்ந்திருப்பார். வண்டிக் கணக்குப் பார்க்க ஆள் வந்து காத்திருந்தாலும் சரி, அந்த நேரம் மாடியில்தான்.

மாமாவும் அக்காவும் ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். சண்டை என்று சொல்ல முடியாது. எங்கள் குடும்பங்களில் முன்பேகூடப் புருஷனும் பெண்டாட்டியும் மூன்றாம் மனிதர் முன்னால் நேராகப் பேசிக்கொள்வது குறைவு. அது பழக்கம், யாரும் வித்தியாசமாக நினைப்பதில்லை. ஆனால் இது வேறு. நீதான் அனுப்பினாய் என்று அக்கா சொல்லவில்லை. நான்தான் அனுப்பினேன் என்று மாமாவும் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பதற்காக வேறெதையும் சொல்லாமல் இருந்தார்கள். இடையில் நான். நான் போகிற நாளில்தான் வீட்டில் பேச்சு நடக்கும், அதுவும் என் வழியாக. உங்கக்காவுக்கு மாத்திரை வாங்கணுமா கேள் என்பார். உங்க மாமாவுக்கு மோர் ஊத்தட்டுமா கேள் சாமி என்பாள். இருவரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பார்கள். எனக்குச் சில நாள் எரிச்சலில் எழுந்து போய்விடலாம் போலிருக்கும். போனால் அந்தப் பேச்சும் நின்றுவிடும் என்பதால் இருந்தேன்.

மேலே சத்தம் தொடங்கியதும் அக்கா செய்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கையில் என்ன வேலை இருந்தாலும் வைத்துவிடுவாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து, பின்கட்டுக்குப் போய்த் துணி துவைக்கும் கல்லின் மேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். சத்தம் நின்ற பிறகுதான் உள்ளே வருவாள். வந்தாலும் ஆறிப்போன சோற்றைத்தான் தின்பாள். பார்க்கிற யாருக்கும் ஒன்றுதான் தோன்றும். மாமாவுக்கும் அதுதான் தோன்றியது. மாடிச் சன்னலிலிருந்து பார்த்தால் அந்தக் கல் நேர் கீழே தெரியும். ஒருநாள் என்னை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து, வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவளைக் கொல்லுது மாப்ள, அந்தச் சத்தம். என்னால ஓட்டாமயும் இருக்க முடியல. சத்தமில்லாம ஓட ஒரு வழி பாரு."

தண்டவாளத்துக்கும் பலகைக்கும் நடுவில் மெத்தென்று எதையாவது கொடுத்தால் சத்தம் அடங்கும் என்பது லாரிக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. லாரிக்குப் பாடி கட்டுகிறபோது சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவில் ரப்பர் வைப்பதைத் தினமும் பார்த்தவர். எதை வைப்பது என்பதுதான் கேள்வி. முதலில் பாடி கட்டும் பட்டறையில் டிரைவர் சீட்டுக்குப் போடும் மஞ்சள் ஸ்பாஞ்சை அறுத்து வைத்தோம். கையால் அமுக்கினால் சுகமாக இருந்தது. எஞ்சின் ஏறியதும் அந்த இடம் மட்டும் புதைந்தது, அடுத்த தண்டவாளத்தோடு சேருகிற இடுக்கு வாயைப் பிளந்தது, கரண்ட் அறுந்து எஞ்சின் நடுவழியில் நின்றுவிட்டது. வளைவில் பெட்டிகள் குடைசாய்ந்தன. ஒரு பெட்டி சரிந்து விழுந்ததும் மாமா கையை நீட்டிப் பிடித்த வேகத்தைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த ஸ்பாஞ்சை அன்றே எடுத்து வீசிவிட்டோம்.

அடுத்தது கார்க். லாரி எஞ்சினுக்குக் கேஸ்கட் வெட்டுகிற கடைகளில் தாளாகக் கிடைக்கும். புதையவில்லை, ரயில் நன்றாகவே ஓடியது, சத்தம் பாதியாகக் குறைந்தது. ஆனால் எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அது வளைவுகளில் மொறுமொறுவென்று உடைந்து உதிர்ந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் ரப்பர் செருப்பு அறுக்கிற தகடு வாங்கிவந்தேன். அது ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் மெலிசு. பெட்டிகள் குடித்தவன் நடையில் ஆடிக்கொண்டு போயின. மாதக்கணக்கில் இது நடந்தது. கடையில் முதலாளி என்னிடம், சம்பந்தமில்லாத சரக்காக வாங்குகிறாயே, தனியாகக் கடை வைக்கப் போகிறாயா என்று கேட்டார். நான் காரணம் சொல்லவில்லை. ஒரு பெரிய மனிதர் பொம்மை ரயிலுக்கு மெத்தை தைக்கிறார் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தால் நான் சும்மா இருந்திருக்க மாட்டேன்.

கார்க் போட்டும் பாதிச் சத்தம் ஏன் மிஞ்சியது என்பதை மாமாதான் கண்டுபிடித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேஜைக்கு அடியில் போய் மல்லாந்து படுத்து, பலகையில் காதை வைத்துக்கொண்டு ரயிலை ஓட்டச் சொன்னார். நெடுநேரம் படுத்திருந்தார். அப்புறம் அடியிலிருந்தே பேசினார். தண்டவாளத்தைப் பிடித்திருக்கிற ஆணிகள் கார்க்கைத் துளைத்துக்கொண்டு பலகையில் இறங்கியிருக்கின்றன, சத்தம் அந்த ஆணி வழியாகத்தான் இறங்குகிறது, நடுவில் எதைக் கொடுத்தாலும் ஆணி இருக்கிற வரைக்கும் பிரயோசனமில்லை என்றார். சொன்னது சரி. ஓர் ஆணியின் பக்கத்தில் விரலை வைத்தபோது எனக்கும் அதிர்வு தெரிந்தது. ஆணியே கூடாது, ஒட்டத்தான் வேண்டும் என்று முடிவு செய்தோம். மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது அவர் முகத்தில், பையன் போன பிறகு முதன்முறையாக, ஒரு வேலை கைக்கு வந்த மனிதனின் தெளிவு இருந்தது. அந்தத் தெளிவைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன்.

வெள்ளை ஸ்பாஞ்ச் எங்கள் கடைக்குத் தானாகவே வந்தது. கம்ப்ரஸருக்கான வெளிநாட்டு வால்வு ஒன்று மரப்பெட்டியில் வந்தபோது, உள்ளே அதைச் சுற்றியிருந்தது. சீட்டு ஸ்பாஞ்சில் தெரிகிற பெரிய கண்கள் இதில் இல்லை. பார்த்தால் வழவழவென்று ஒரே தகடாக இருந்தது. கட்டைவிரலால் அமுக்கினால் கொஞ்சம்தான் இறங்கும், விரலை எடுத்ததும் மேலே வந்துவிடும், தழும்பு நிற்காது. கடைக்குப் பின்னால் இருந்த தண்ணீர் வாளியில் மஞ்சள் ஸ்பாஞ்சில் ஒரு துண்டையும் இதில் ஒரு துண்டையும் போட்டேன். மஞ்சள் தண்ணீரைக் குடித்துவிட்டு அடியில் போய் உட்கார்ந்தது. வெள்ளை மேலேயே மிதந்தது, எடுத்துத் துடைத்தால் உள்ளே ஈரமே இல்லை. தண்ணீரையே உள்ளே விடாத பொருள் எஞ்சின் கனத்துக்கு எங்கே புதையப் போகிறது என்று தோன்றியது. முதலாளியிடம் சொல்லி எடுத்துக்கொண்டேன். அடுத்தடுத்த பெட்டிகளில் வந்ததையும் சேர்த்துவைத்தேன். சுற்று முழுவதற்கும் போதுமான அளவு சேர்ந்ததும் சுருட்டி எடுத்துக்கொண்டு நாமக்கல் போனேன். மாமா வாங்கிப் பார்த்து, அமுக்கிப் பார்த்து, காதருகில் வைத்து விரலால் சுண்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை என்று தலையாட்டினார்.

ஆணியைப் பிடுங்கித் தண்டவாளத்தை எடுத்த பிறகு பலகையில் பையன் போட்ட பென்சில் கோடு மட்டும் கிடந்தது, பக்கத்தில் அவன் கையெழுத்து. பட்டையை அந்தக் கோட்டின் மேல்தான் ஒட்ட வேண்டும். மாமா பசை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் கோட்டைப் பார்த்தபடி நின்றார்.  வளைவில் முழுப் பட்டை மடங்காது என்பதால் நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக வளைத்து வைத்தோம். ஓரங்களைச் சவரக் கத்தியால் சரிவாகச் சீவினார். நிஜமான ரயில் பாதையில் ஜல்லிக் கரை அப்படித்தான் சரிந்திருக்கும் என்று பையன் சொல்லியிருந்தானாம். பசை, குஷன் கடையில் ரெக்சின் ஒட்டும் மஞ்சள் பசை. இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வருகிற வரைக்கும் காயவிட்டு, அப்புறம் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு நகர்த்த முடியாது, ஒட்டினது ஒட்டினதுதான் என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். பட்டையைப் பலகையிலும் தண்டவாளத்தைப் பட்டையிலும் ஒட்டி, மேலே செங்கல் அடுக்கி இரண்டு நாள் விட்டோம். ஓர் இடத்தில்கூட ஆணி இல்லை.

செங்கல்லை எடுத்துவிட்டு ஓட்டியபோது எனக்கே நம்ப முடியவில்லை. பக்கத்தில் குனிந்தால் எஞ்சினின் மெல்லிய முனகல் மட்டும் கேட்டது. கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் நின்றேன், ஒன்றுமே இல்லை. மாமா சன்னல் வழியாகக் கீழே பார்த்தார். அக்கா துவைக்கும் கல்லுக்கு வரவில்லை. சமையலறையில் பாத்திரம் கழுவுகிற ஓசை வந்தது. மாமா என் தோளில் கை வைத்தார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் முறை. அன்றைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில், நாம் செய்ததிலேயே நல்ல காரியம் இதுதான் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

இரண்டு மாதம் போல ஆகியிருக்கும். அக்கா இளைத்துக்கொண்டே வந்தாள். தலை வாருவதில்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். மாமாவுக்கு மோர் ஊற்றட்டுமா என்றுகூட என்னிடம் கேட்பதில்லை, ஊற்றி வைத்துவிட்டுப் போய்விடுவாள். டாக்டர் ரத்தம் கம்மி என்று டானிக் எழுதிக் கொடுத்தார். சத்தம் ஓய்ந்தும் தேறவில்லையே என்று மாமா தவித்தார். ஒரு நாள் மாமா பட்டறைக்குப் போயிருந்த நேரத்தில் அக்கா எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"உங்க மாமா அந்த ரயில ஆருக்குக் குடுத்தாருன்னு உனக்குத் தெரியுமா சாமி?"

ஆருக்கும் குடுக்கலை, தினமும் ஓடுகிறது, நீ கேட்டுக் கஷ்டப்படக் கூடாது என்றுதான் அடியில் ஸ்பாஞ்ச் போட்டுச் சத்தத்தை அடக்கியிருக்கிறோம் என்று நான் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னது அவளுக்குப் புரியவில்லையோ என்று மறுபடி சொல்ல வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அது ஓடற வரைக்கும் எம் பையன் மேல இருக்கறான் சாமி. கல்லுல உக்காந்தா நல்லாக் கேக்கும். நிக்கட்டும், எறங்கி வருவான், சேர்ந்து திங்கலாம்னு தட்டை வெச்சுட்டு உக்காந்திருப்பேன். நின்னதும் அழுவேன், அது வேற. நாளைக்கு மறுபடி மேல ஏறுவானில்ல. ஒரு நாள் சத்தமே இல்லாமப் போச்சு. அன்னைக்குத்தான் அவன் செத்தான்."

நான் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஏன் அக்கா முன்பே சொல்லவில்லை என்று கேட்க முடியுமா? அவளிடம் யார் கேட்டார்கள்? அவளுக்காகத் திருச்செங்கோட்டுக்கும் செவ்வாய்ப்பேட்டைக்கும் அலைந்தோம், கார்க்கையும் ரப்பரையும் அமுக்கிப் பார்த்தோம், ஸ்பாஞ்சை வாளியில் போட்டுப் பார்த்தோம். பத்தடி நடந்து பின்கட்டுக்குப் போய் அந்தக் கல்லின் பக்கத்தில் நின்று, என்ன ஆத்தா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த வீட்டில் அதற்கு வழியில்லாமல் இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் வருகிறது. மாமா மேல் அல்ல, அக்கா மேலும் அல்ல. பேசாமல் இருப்பதை மரியாதை என்று எங்களுக்குச் சொல்லிவைத்த எல்லோர் மேலும்.

மாமா பட்டறையிலிருந்து வந்ததும் வாசலிலேயே வைத்துச் சொல்லிவிட்டேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் மேலே ஏறினார். நான் பின்னால் போவதற்குள் தண்டவாளத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பசை விடவில்லை. பிளாஸ்டிக் கட்டைகள் படபடவென்று ஒடிந்தன, இரும்பு முறுக்கிக்கொண்டது. ஸ்பாஞ்சைப் பிய்த்தபோது பலகையின் மேல்தோலும் சேர்ந்து உரிந்து வந்தது, அந்தத் தோலோடு பென்சில் கோடும், வளைவு என்று எழுதிய எழுத்தும். அதைப் பார்த்ததும்தான் நின்றார். கையில் ரத்தம். "உங்கக்காகிட்டச் சொல்லு மாப்ள, நாளைக்கு ஓடும்னு," என்றார். அக்கா மாடிப்படிக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தாள். நான் இறங்கிப் போய்ச் சொன்னேன்.

மறுநாள் கடைக்குப் போகவில்லை. ஒடியாமல் மிஞ்சியது சுற்றில் கால் பங்கு இருக்கும். அந்த மாதிரித் தண்டவாளம் வேறு வாங்க பம்பாய்க்கு வண்டி போனபோதெல்லாம் தேடச் சொன்னோம், அப்புறம் கிடைக்கவே இல்லை. இருந்ததை நேராக வைத்து, வெறும் பலகையில், ஆணியடித்துப் பதித்தோம். சுற்று இல்லை என்பதால் ரயில் தானாக ஓட முடியாது. முனைக்குப் போனதும் விசையைத் திருப்பிப் பின்னால் வரவைக்க வேண்டும், மறுபடி திருப்பி முன்னால் விட வேண்டும். சத்தம் பழையபடி வீடெல்லாம் வந்தது. சன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா ஈரத் தலையைத் துவட்டி முடிந்துகொண்டு, நல்ல சேலை ஒன்றை உடுத்தி, கல்லின் மேல் வந்து உட்கார்ந்திருந்தாள். மாமா விசையைத் திருப்பித் திருப்பி ஓட்டினார். ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும். கொஞ்ச நேரம் கேட்டாள். அப்புறம் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் ஓடி இறங்கினேன். அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள். "அது உங்க மாமா ஓட்டறது, சாமி."

கோபமாகச் சொல்லவில்லை. மழைக்கு முன்னால் வரட்டியை எடுத்து வை என்று சொல்கிற குரலில் சொன்னாள். நான் அதை மாமாவிடம் சொல்லவில்லை, தேவைப்படவும் இல்லை. அவரும் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தார். அதன் பிறகு அந்த ரயில் ஓடவில்லை. அக்கா அடுத்த ஐப்பசி மழையில் போய்விட்டாள். டாக்டர் ஏதோ ஒரு நோயின் பெயர் சொன்னார். கடைசி நாட்களில் மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். அப்போதும் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதாக நான் கேட்கவில்லை. நான் இல்லாதபோது பேசியிருக்கலாம். பேசியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

மாமா அதற்கப்புறம் நெடுங்காலம் இருந்தார். வண்டிகளை விற்றார், காது மந்தமானது. நாமக்கல்லுக்கும் ஒருவழியாக ரயில் வந்தது. ஊரே வேடிக்கை பார்க்கப் போனபோது அவர் போகவில்லை. அந்தக் காலத்தைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒருமுறைதான் பேசினார், அதுவும் சம்பந்தமில்லாத வேறெதையோ பேசிக்கொண்டிருந்தபோது நடுவில். "ஓரமா நாலு ஆணி அடிச்சிருந்தாப் போதும் மாப்ள. அவளுக்குச் சத்தம் எறங்கியிருக்கும்."

ஆசாரி உளியைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, ஸ்பாஞ்ச் மட்டும் தனியாக வராது, பலகையோடு ரம்பம் போட்டு அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். வேலை அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறோம். அறுக்கச் சொல்லிவிட்டேன். அவர் ரம்பம் எடுக்கக் கீழே போன நேரத்தில், மேஜைக்கு அடியில் கிடந்த அட்டைப் பெட்டியைப் பிரித்தேன். துருப்பிடித்த எஞ்சினும் ஒரே ஒரு ரயில் பெட்டியும் இருந்தன. ரயில் பெட்டியின் சக்கரம் இன்னும் சுற்றியது. ஏனென்று தெரியவில்லை, அதை வெள்ளைப் பட்டையின் மேல் வைத்து ஒரு தள்ளு தள்ளினேன். ஓசையில்லாமல் போய் நின்றது. எடுத்து, பக்கத்தில் வெறும் பலகையின் மேல் வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நிறுத்தாமல் உருட்டினேன். சாமான் இல்லாத வீடு, கடகடவென்று அந்தப் பழைய சத்தம் எழுந்து சன்னல் வழியாகக் கீழே இறங்கியது.

பின்கட்டில் வீடு வாங்கியவரின் சம்சாரம் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் தேய்க்கிற சத்தம் நின்றது. கல்லுக்குப் பக்கத்திலிருந்துதான் குரல் வந்தது.

"மேல ஆருங்க இருக்கறது?"

 நான் பெட்டியைத் திருப்பிவைத்து, மறுபடி இந்த முனைக்கு உருட்டினேன்.